ராயபுரத்தில் எடுக்கவிருக்கும் தன்பாலினக் காதல் திகில் படம்: துரத்துகிறவன் பேயா, மனிதனா?

நெய்தல்வாசி (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் திருமண வீடியோ எடுக்கும் தொழில் செய்கிறேன். நானும் சில நண்பர்களும் சொந்தப் பணத்தைப் போட்டு, ஒன்றரை மணி நேரத்துக்கு மிகாத ஒரு திகில் படத்தை எடுக்க முடிவு செய்திருக்கிறோம். இரண்டு ஆண்களின் காதல், அது ஒருவனிடம் பித்தாக முற்றுவது, அந்தப் பித்து மற்றவனைத் தெருவிலும் வீட்டிலும் நிற்கவிடாமல் துரத்துவது, இதுவே கதை. நடிகர்கள் எல்லோரும் புதியவர்கள். கேமரா என்னிடமே இருக்கிறது. விளக்குகளையும் ஒலிப்பதிவுக் கருவிகளையும் மட்டும் வாடகைக்கு எடுக்க வேண்டும். படப்பிடிப்பு முழுவதும் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் இடையில்தான் நடக்கும். திரைக்கதையின் முதல் வடிவம் முடிந்த நிலையில் ஒரு கேள்வி எங்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இளையவன் எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். மூத்தவன் மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் இரவுப் பணியில் இருந்து, உள்ளே வரும் பெட்டிகளின் எண்களைச் சரிபார்த்துக் குறித்துக்கொள்பவன். இருவரும் ஒரு கைப்பேசிச் செயலியின் வழியாக அறிமுகமாகி, ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால் சந்தித்துப் பழகுகிறார்கள். வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியதும் இளையவன் காரணம் சொல்லாமலேயே பேச்சை நிறுத்திவிடுகிறான். துரத்தல் அங்கிருந்து தொடங்குகிறது.

முதல் வடிவத்தில் மூத்தவன் காசிமேட்டுக் கடலில் இறந்துபோகிறான்; திரும்பி வருவது அவனுடைய ஆவி. முகம் தெரியாத நடிகர்களை வைத்து எடுத்தாலும் பேய்ப்படத்துக்கு ஆள் வருவார்கள் என்பது ஒரு கட்சியின் வாதம். அவன் உயிரோடு இருந்து துரத்தினால்தான் பயம் மெய்யாக இருக்கும் என்பது மறு கட்சியின் வாதம். நான் இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை.

எதை மாற்றினாலும் விட்டுவிட விரும்பாத காட்சி ஒன்று உண்டு. இரவில் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உருப்பெருக்கி விளக்கின் கீழ் ஒரு போனின் பலகையைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறான் இளையவன். பக்கத்தில் கிடக்கும் அவனுடைய சொந்தப் போனில், படம் வைக்காத ஒரு கணக்கு 4 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாக அந்தச் செயலி காட்டுகிறது. அதைத் தடுத்துவிடுகிறான். கொஞ்ச நேரத்தில் இன்னொரு வெற்றுக் கணக்கு 900 மீட்டரில் முளைக்கிறது. அதையும் தடுத்துவிட்டு ஷட்டரை முழுவதும் இறக்கிப் பின்வழியாக வீட்டுக்கு நடக்கிறான். 300, 120, 40 என்று எண் குறைந்துகொண்டே வந்து, அவன் தன் அறைக் கதவைச் சாத்தும்போது 0 என்று நிற்கிறது. செயலிக்கு மாடிக் கணக்குத் தெரியாது. மேல் வீட்டிலா, கீழ் வீட்டிலா, கதவுக்கு அந்தப் பக்கத்திலா என்று அது சொல்லாது.

உங்கள் கருத்துகளை விரிவாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி வரிசை:

நண்பருக்கு வாழ்த்துகள். அகஸ்தியா தியேட்டர் 2020-இல் மூடப்படும் வரையில் அங்கே வந்த பேய்ப்படம் எதையும் தவறவிடாதவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். தூரம் குறையும் அந்தக் காட்சிக்குச் செலவே இல்லை. ஆனால் படம் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் அது அவர்களை விடாது.

திகில் கதைக்கும் ஒருபால் காதலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1872-இல் வெளிவந்த ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா', ஒரு பெண் இன்னொரு பெண்ணின்மேல் கொள்ளும் தீராத மோகத்தை இரத்தக்காட்டேரிக் கதையாகச் சொன்னது. 'டிராகுலா' வந்தது அதற்கு 25 ஆண்டுகள் கழித்துத்தான். 1922-இல் 'நொஸ்ஃபெராட்டு'வை எடுத்த முர்னாவும், 1931-இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' எடுத்த ஜேம்ஸ் வேலும் தன்பாலீர்ப்பாளர்கள். பிறகு 1934 முதல் அமெரிக்காவில் தயாரிப்பு நெறிமுறை (படங்களில் எதைக் காட்டக் கூடாது என்ற விதிகள்) கடுமையாக நடைமுறைக்கு வந்து, இத்தகைய உறவுகளைத் திரையில் காட்டவே கூடாது என்றானபோது, அந்தப் பாத்திரங்கள் காணாமல் போய்விடவில்லை. பெயர் சொல்லப்படாமல், வில்லனின் நடையிலும் பேச்சிலும் ஒரு சாடையாகப் புகுந்துகொண்டன. நெறிமுறை போன பின்பும் சாடை போகவில்லை. தன்பாலீர்ப்பாளர்களைக் குறிவைக்கும் கொலையாளியைப் பற்றி 1980-இல் வெளியான 'குரூஸிங்' படப்பிடிப்பில் இருந்தபோதே நியூயார்க்கின் தன்பாலீர்ப்பாளர்கள் தெருவில் இறங்கி அதை எதிர்த்தார்கள். நம் ஊரில் 2006-இல் வந்த 'வேட்டையாடு விளையாடு' படத்தின் இரண்டு கொலையாளிகளுக்கும் இடையில் உறவு உண்டு என்று குறிப்புக் காட்டியதும் இதே வழியில் வந்ததுதான்.

இறந்துபோன தன்பாலீர்ப்பாளன் இரத்த வெறியோடு திரும்பி வருவதாக எடுத்தால், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் படம் இந்த வரிசையில்தான் போய் நிற்கும். உங்கள் கதையில் உள்ள பலம், துரத்துகிறவனும் துரத்தப்படுகிறவனும் ஒரே வகையினர் என்பது. கேமரா எப்போதும் இளையவனோடு இருந்து, அவனுடைய ஆசையையும் அவனுடைய அச்சத்தையும் சேர்த்தே காட்டினால், 'இவர்களே இப்படித்தான்' என்று சொல்லிவிட்டு யாரும் எழுந்து போக முடியாது.

வியாசை:

எனக்கு இந்த முயற்சியிலேயே உடன்பாடு இல்லை என்பதை மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன். நான் வியாசர்பாடிக்காரன், தன்பாலீர்ப்பாளன். வடசென்னையைப் பற்றிப் படம் எடுக்கிறவர்களுக்குக் கத்தியும் கஞ்சாவும்தான் கண்ணில் படுகின்றன. தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றி எடுக்கிறவர்களுக்கு ஒன்று கேலி, இல்லையென்றால் கொலை. நீங்கள் இரண்டையும் ஒரே படத்தில் சேர்க்கப் போகிறீர்கள்.

இரண்டு ஆண்கள் ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவதையும், வாடகை வீடு தேடி அலைவதையும், ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவன் ஸ்டான்லி மருத்துவமனையில் டோக்கன் வாங்கி வரிசையில் நிற்பதையும் தமிழ்த் திரையில் நான் இதுவரை ஆசைதீரப் பார்த்ததில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், எங்கள் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து எங்களை விடுவித்தபோது, இனி அப்படிப்பட்ட படங்கள் வரும் என்று நம்பினேன். அவை வருவதற்கு முன்பே, காதலித்தவனைத் துரத்தித் துரத்தி வதைக்கும் ஒருவனை எங்கள் பேட்டையிலிருந்து காட்டப் போகிறீர்கள். படம் வெளியான மறுவாரம் என் வேலையிடத்தில் என்னை ஓரக்கண்ணால் பார்ப்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? முதலில் ஒரு காதல் படம் எடுங்கள். திகில் அப்புறம் வரட்டும்.

பழைய ராயபுரம்:

வியாசைத் தம்பியின் மனவருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. எனக்கு இப்போது அறுபது வயதைத் தாண்டிவிட்டது. ஆனால் தம்பி, நாங்கள் வாழ்ந்த வாழ்க்கையில் காதலையும் பயத்தையும் தனித்தனியாகப் பிரித்துவைக்க முடியவில்லை. அதனால் இந்தப் படத்தை எடுக்கத்தான் வேண்டும் என்கிறேன்.

செயலிகள் இல்லாத அந்தக் காலத்தில் கடற்கரையிலும் ரயில் நிலைய வாசலிலும் பார்வையால்தான் ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டோம். அன்பாகப் பேசிப் பழகியவனே மறு வாரம் இன்னும் இரண்டு பேரோடு வந்து, "உன் வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொல்லட்டுமா?" என்று கேட்டால், கைக்கடிகாரத்தையும் சம்பளத்தையும் கழற்றிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. அது பணத்தோடு போய்விடும். அதைவிடக் கொடியது, பணம் எதுவும் கேட்காமல் "என்னை விட்டுப் போனால் சொல்லிவிடுவேன்" என்பவனிடம் சிக்குவது. என் நெருங்கிய நண்பர் ஒருவர் அப்படிப் பல ஆண்டுகள் சிக்கியிருந்தார். அவரை மிரட்டியவனும் அவரை உண்மையாகவே நேசித்தவன்தான் என்பதை நான் அறிவேன். காலையில் டிபன் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்பான். மாலையில், வீட்டில் சொல்லிவிடுவேன் என்று அழுவான். அவர் அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொள்ளவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நிற்பதை நான் என் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்திருக்கிறேன். தெருவில் எல்லோரும் அதை நல்ல சிநேகிதம் என்றுதான் நினைத்தார்கள்.

உங்கள் படத்தில் மூத்தவனைக் கண் சிவந்தவனாகவும் பல்லைக் கடிப்பவனாகவும் காட்டாதீர்கள். தெருவே நல்ல பையன் என்று சொல்லக்கூடியவனாகக் காட்டுங்கள். இளையவனின் அம்மாவுக்குக் குடம் தூக்கிக் கொடுக்கட்டும். அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் பந்தல் கட்டட்டும்.

பாரிமுனை வழக்குரைஞர்:

ஐயா எழுதியதைப் படித்த பிறகு சட்டத்தின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்வது அவசியம் என்று கருதுகிறேன். திரைக்கதையின் நாடி இங்கேதான் இருக்கிறது.

நம் நாட்டில் ஒருவரைத் தொடர்ந்து துரத்தித் தொல்லை தருவது 2013-ஆம் ஆண்டில்தான் தனிக் குற்றமாக இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி என்ற பிரிவாகச் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 78-ஆம் பிரிவு. இரண்டிலும் குற்றத்தின் வரையறை, ஓர் ஆண் ஒரு பெண்ணைத் துரத்துவது என்றே தொடங்குகிறது. ஓர் ஆணை இன்னோர் ஆண் இரவும் பகலும் துரத்தினால், அவன் செய்வது அந்தப் பிரிவுக்குள் வராது. அதோடு, புதிய சட்டத்தில் 377-க்கு ஈடான பிரிவே இல்லாததால், வயது வந்த ஓர் ஆண்மீது நடத்தப்படும் பாலியல் வன்முறையை வன்முறை என்று பெயர் சொல்லித் தண்டிக்கும் பிரிவும் இல்லாமல் போயிற்று.

அப்படியானால் சட்டத்தில் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அச்சுறுத்திப் பறிப்பதற்குப் புதிய சட்டத்தின் 308, குற்றமுறு மிரட்டலுக்கு 351, அந்தரங்கப் படத்தை எடுப்பதற்கும் பரப்புவதற்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ ஆகியவை பாலினம் பார்ப்பதில்லை. 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில் அளித்த உத்தரவுக்குப் பிறகு, 2022-இல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளையே திருத்தி, பால்புதுமையினரையும் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) அவர்களுக்குத் துணை நிற்பவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று சேர்த்தது. இவ்வளவும் இருந்தும், புகார் எழுத உட்காரும் இளைஞனிடம் "அவனுக்கும் உனக்கும் என்ன உறவு?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் எழுந்து போனவர்களை என் தொழிலில் பார்த்திருக்கிறேன்.

சட்டம் இதை அறியாததும் அன்று. 1860-இல் இயற்றப்பட்ட பழைய தண்டனைச் சட்டத்திலேயே, ஒருவர்மேல் குற்றம் சாட்டுவதாக மிரட்டிப் பணம் பறிக்கும்போது அந்தக் குற்றச்சாட்டு 377-ஆக இருந்தால், மிரட்டுகிறவருக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்று 388, 389-ஆம் பிரிவுகள் கூறின. இந்தக் குற்றத்தை உண்டாக்கியவர்களுக்கே, அது எந்த மாதிரியான மிரட்டலுக்கு வழிவிடும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

ஆகவே என் கருத்து, அவன் மனிதனாகவே இருக்க வேண்டும். பேய் என்றால் இளையவன் போய் நிற்க ஒரு கோயிலாவது இருக்கும். உயிருள்ள காதலன் துரத்தும்போது, தட்டுவதற்கு ஒரு கதவும் இல்லாமல் அவன் நிற்கிறான். இதைவிடப் பெரிய திகிலை எந்த ஒப்பனையாலும் கொண்டுவர முடியாது.

மகிழமரம்:

நான் திருவொற்றியூரில் தமிழாசிரியை. பேயை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்கத்தான் எழுத வந்தேன். எழுதும்போது வழக்குரைஞர் சொன்ன இடத்துக்கே நானும் வந்து சேர்கிறேன்.

காதல் பித்தாக முற்றும் நிலையைத் தமிழ் மரபு வெகு காலத்துக்கு முன்பே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், தேற்ற முடியாத அளவுக்குக் கரைகடந்த காமத்தைப் பெருந்திணை என்றும் தொல்காப்பியம் அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைத்தது. மடலேறுதல் அந்தப் பெருந்திணையில் வருவது. பனைமடலால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை சூடி, தான் விரும்பியவளின் பெயர் ஊரறியத் தெருவில் ஏறி வருவான் தலைவன். அவளுடைய மானத்தைப் பணயமாக வைத்து அவளைக் கேட்பது அது. ஊருக்குச் சொல்லிவிடுவேன் என்று ராயபுரத்து ஐயாவின் நண்பரை மிரட்டியவனும் மடலேறத் துணிந்தவன்தான்.

நீலியின் கதையை நினைத்துப் பாருங்கள். கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகி, கள்ளிக் கிளையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வேளாளர் எழுபது பேரின் முன்னால் வந்து, "இவன் என் கணவன்" என்று முறையிடுகிறாள். அவன் மறுக்கிறான். குழந்தை அவனை அப்பா என்று அழைத்ததும் சபை அவள் பக்கம் சாய்ந்து, அவனை அவளோடு ஓர் அறையில் விட்டுவிடுகிறது. அந்தக் கதையில் பேயைவிட எனக்கு அச்சம் தருவது அந்தச் சபைதான். மனைவி என்று ஒருத்தி வந்து நின்றால் அவள் பேச்சைக் கேட்க ஒரு சபை இருக்கிறது. உங்கள் மூத்தவன் எந்தச் சபையில் போய் "இவன் என்னுடையவன்" என்று சொல்ல முடியும்? இளையவன் எந்தச் சபையில் போய் "இவனிடமிருந்து என்னைக் காப்பாற்றுங்கள்" என்று கேட்க முடியும்? இருவருக்கும் சபை இல்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இவர்களுடைய திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர மறுத்துவிட்டது.

எங்கள் ஊர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். சுந்தரர் ஒற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துகொடுத்தார். திருவாரூர் நினைவு வந்ததும் சத்தியத்தை மீறிப் புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் போயின. அந்தச் சத்தியத்தை நினைவுகூர்ந்து மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. உங்கள் மூத்தவன் இந்தத் தெருக்களில் வளர்ந்தவனாக இருந்தால், இளையவனை அந்த மரத்தடிக்கு அழைத்துப் போய்ச் சத்தியம் கேட்டிருப்பான். அதன் பிறகு இளையவனின் கண்ணில் சின்னதாக ஓர் உறுத்தல் வந்தாலும், அவனுக்கு மட்டும் அல்ல, படம் பார்க்கும் எங்களுக்கும் வயிற்றைக் கலக்கும். பேயே வராமல் பேயின் நிழல் படம் முழுவதும் விழும்.

இன்னொன்று, பெண்ணாக இருந்து சொல்கிறேன். பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பது, டியூஷன் வரை பின்னால் வருவது, கையில் பிளேடால் பெயர் எழுதுவது, ஒத்துக்கொள்ளாவிட்டால் செத்துவிடுவேன் என்பது ஆகிய எல்லாவற்றையும் நம் படங்களின் நாயகர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே செய்திருக்கிறார்கள். கொட்டகையில் விசில் பறந்திருக்கிறது. அதே செயல்களை, கூட்டாமல் குறைக்காமல், உங்கள் மூத்தவன் ஓர் ஆணிடம் செய்யட்டும். விசில் அடித்துப் பழகியவர்களுக்கு முதன்முறையாக அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

வியாசை:

அம்மா எழுதியதை நிதானமாகப் படித்தேன். காதல் படம்தான் முதலில் வர வேண்டும் என்பதில் இப்போதும் உறுதியாக இருக்கிறேன். ஆயினும் படம் எடுக்கப்படுவது உறுதி என்றால் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. துரத்தலுக்கு முன்னால் உள்ள காதலை இரண்டு நிமிடப் பாட்டில் முடித்துவிடாதீர்கள். படத்தின் முதல் பாதி முழுவதையும் அதற்கே கொடுங்கள். மொட்டை மாடியில் இருவரும் ஒரே இயர்போனில் ஆளுக்கொரு காதாக கானா கேட்கட்டும். மூத்தவன் இரவுப் பணி முடித்து வந்து இளையவனின் கடைப் பலகையிலேயே தலைவைத்துத் தூங்கட்டும். அவர்கள் சேர வேண்டும் என்று பார்ப்பவர்கள் விரும்பும் வரை காட்டிவிட்டு, அதன் பிறகு எங்களைப் பயமுறுத்துங்கள். அப்படி எடுத்தால் நானே வந்து கூட நின்று வேலை செய்கிறேன்.

ஒலிப்பெட்டி:

பேயா மனிதனா என்பதில் மற்றவர்கள் சொல்லியதே போதும். குறைந்த செலவில் எடுப்பது பற்றி மட்டும் எழுதுகிறேன். குறும்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்த அனுபவம் உண்டு.

2013-இல் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் பை தி லேக்' என்ற பிரெஞ்சுப் படத்தைக் குழுவில் எல்லோரும் பாருங்கள். அலென் கிரோடி இயக்கியது. கான் விழாவில் இயக்கத்துக்குப் பரிசு பெற்றது. தன் மனம் சென்ற ஆண் இன்னொருவனை ஏரியில் அமுக்கிக் கொல்வதைக் கண்ணால் கண்ட பிறகும் அவனை விட்டு விலக முடியாத ஒருவனின் கதை அது. படம் முழுவதும் ஏரிக்கரை, பக்கத்துக் காடு, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றை விட்டு வெளியே போவதில்லை. பின்னணி இசையே கிடையாது. காற்றும் இலையும் தண்ணீரும் எழுப்பும் ஓசையிலேயே நெஞ்சு படபடக்கிறது. இடத்தைக் குறைத்தால் செலவும் குறையும், பயமும் கூடும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. உங்களுக்கும் கடை, வீடு, மொட்டை மாடி, கடற்கரைக் கற்கள் ஆகிய நான்கு இடங்கள் போதும்.

நம் பகுதியில் நேரடி ஒலிப்பதிவு கடினம் என்று பலர் டப்பிங்குக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். கண்டெய்னர் லாரியின் ஏர் பிரேக், கொருக்குப்பேட்டைப் பக்கம் சரக்கு ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கடைசிப் பெட்டி வரைக்கும் ஓடும் சத்தம், மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே ஐஸ் பாரை அரைக்கும் இயந்திரம் ஆகியவற்றைத் தனித்தனியாக, ஆட்கள் பேசாத நேரத்தில், நிறையப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவன் முதல்முறை மாடிக்கு வரும்போது சரக்கு ரயில் சத்தம் கேட்கட்டும், அது காதலின் சத்தம். பிற்பாதியில் அதே சத்தம் வந்தாலே இளையவனின் உடம்பு இறுகும். ஆளைக் காட்ட வேண்டிய தேவையே இருக்காது. வசனத்துக்குச் சட்டையில் மாட்டும் மைக் இரண்டு, கம்பில் பிடிக்கும் மைக் ஒன்று இருந்தால் சமாளிக்கலாம். பணம் குறைந்தால் விளக்கில் குறையுங்கள், ஒலியில் குறைக்காதீர்கள். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். வசனம் காதில் விழாவிட்டால் எழுந்து போய்விடுவார்.

பழைய ராயபுரம்:

முடிவு பற்றி யாரும் பேசவில்லையே என்று மறுபடியும் வருகிறேன். மிரட்டுகிறவன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த இரகசியம்தான். இளையவன் தானாகவே வீட்டில் சொல்லிவிட்டால் ஆயுதம் போய்விடும், படமும் நல்லபடியாக முடியும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அவ்வளவு சுலபமாக முடித்துவிடாதீர்கள்.

மேலே நான் எழுதிய நண்பர் ஒரு நாள் தாங்க முடியாமல் வீட்டில் சொன்னார். அவர்கள் அடிக்கவில்லை, துரத்தவில்லை. பையனைக் காற்றுக் கருப்பு பிடித்துவிட்டது என்று முடிவு செய்து, மந்திரிக்கிறவரிடம் அழைத்துப் போய் உட்கார வைத்தார்கள். வேப்பிலையால் அடித்து, எலுமிச்சம்பழம் அறுத்து, "யார் நீ, சொல்" என்று அவரைக் கேட்டார்கள். அவரோ தன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அது பேயின் பெயர் இல்லை என்று மறுபடியும் அடித்தார்கள். அழைத்துப் போனவர்கள் எல்லோரும் அவர்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்.

கடைசி வரிசை:

ஐயா, உங்கள் நண்பரை நினைத்து மனம் கனத்துப் போனது. நெய்தல்வாசி, நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இதில் இருப்பதாக நினைக்கிறேன். துரத்துகிறவன் கடைசி வரையில் மனிதன். அவனைப் பேய் என்று சொல்வது குடும்பம். பேய்ப்படம் பார்க்க வந்தவர்கள் எதிர்பார்க்கும் வேப்பிலையும் உடுக்கையும் படத்தில் வரும். ஆனால் அவை வரும்போது, பேயே இல்லை என்று கொட்டகையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும்.

வழக்குரைஞருக்கு ஒரு வினா. இப்படிக் குணப்படுத்துவதாகச் சொல்வதையும் 2021 உத்தரவு தடுக்கிறது அல்லவா?

பாரிமுனை வழக்குரைஞர்:

ஆம். பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்யவும், அதில் ஈடுபடும் மருத்துவர்மீது உரிமத்தைப் பறிப்பது வரையில் நடவடிக்கை எடுக்கவும் அந்த உத்தரவு கூறியது. மந்திரிப்பவருக்கு மருத்துவ உரிமம் ஏது? அந்த இடைவெளியில்தான் இவை நடக்கின்றன.

தணிக்கை பற்றியும் சொல்லிவிடுகிறேன், பணத்தோடு தொடர்புடையது என்பதால். ஏ சான்றிதழ் கிடைத்தால், தொலைக்காட்சிக்கென்று தனிச் சான்றிதழ் பெறாமல் அங்கே படத்தைக் காட்ட முடியாது. வாரியத்தின் முடிவை எதிர்த்துப் போக முன்பு ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 2021 ஏப்ரலில் அதைக் கலைத்துவிட்டதால் இப்போது உயர் நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும், சிறிய தயாரிப்பாளர்களுக்கு அது பெரிய சுமை. ஆகவே முதலில் விழாக்களில் திரையிட்டுப் பெயர் பெற்று, பிறகு இணையத் தளங்களுக்குப் போவது உங்களுக்கு ஏற்ற வழி. 2013-இல் சென்னையில் தொடங்கிய ரீல் டிசையர்ஸ் பால்புதுமையினர் திரைப்பட விழாவையும் மனத்தில் வையுங்கள்.

நெய்தல்வாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நண்பர்களோடு உட்கார்ந்து இந்த இழை முழுவதையும் வாய்விட்டுப் படித்தோம். இரண்டு கட்சியும் இப்போது ஒன்றாகிவிட்டது. மூத்தவன் சாகமாட்டான். முதல் பாதி முழுவதும் காதல், வியாசை கேட்டபடி. மகிழ மரத்தடிச் சத்தியத்தைக் கோயிலுக்குள் படமாக்க அனுமதி கிடைப்பது கடினம் என்பதால், வெளியே மாட வீதியில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கேட்பதாக எழுதுகிறேன். மந்திரிக்கும் காட்சி வரும். "யார் நீ" என்ற கேள்விக்குத் தன் பெயரையே சொல்லும் அந்த இடத்தை, ராயபுரத்து ஐயாவின் நண்பர் சம்மதித்தால் மட்டும், அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. மந்திரிக்கும் அறைக்கு வெளியே மூத்தவன் நிற்கிறான். உள்ளே அடி விழுவது அவனுக்குக் கேட்கிறது. அவன் உள்ளே நுழைந்து தடுப்பானா, அல்லது இளையவன் இப்படியாவது தன்னிடம் திரும்பி வரட்டும் என்று கேட்டுக்கொண்டே நிற்பானா?

மகிழமரம்:

நிற்பான். அவன் மனம் துடிக்கட்டும், கை நடுங்கட்டும், ஆனால் நிற்பான். உள்ளே போய்த் தடுத்தால் அவன் மறுபடியும் நம் படங்களின் நாயகனாகிவிடுவான். அதுவரை செய்தவை எல்லாம் காதலின் பெயரால் மன்னிக்கப்பட்டுவிடும். தடுப்பது வேறு யாராவது ஒருவராக இருக்கட்டும். இளையவனின் அக்காவாக இருந்தால் எனக்கு மகிழ்ச்சி.

பழைய ராயபுரம்:

என் நண்பரிடம் பேசினேன். வைத்துக்கொள்ளச் சொன்னார். பெயரை மட்டும் மாற்றிவிட வேண்டும். அவரை அன்று கைப்பிடித்து வெளியே அழைத்து வந்தது பக்கத்து வீட்டில் குடியிருந்த ஓர் அம்மா, மீன் வியாபாரம் செய்தவர். எதுவும் கேட்கவில்லை, "எழுந்து வா தம்பி, சோறு ஆறுது" என்று மட்டும் சொன்னாராம். அக்காவுக்குப் பதிலாக அவரை வைக்க முடியுமா என்று என் நண்பர் கேட்கச் சொன்னார்.

நெய்தல்வாசி:

வைக்கிறேன் ஐயா. திருத்திய திரைக்கதை முடிந்ததும் முதல் படி உங்களுக்கும் அவருக்கும்தான் வரும். அதன் பிறகு வியாசைக்கும் மகிழமரம் அம்மாவுக்கும் அனுப்புகிறேன். ஒலிப்பெட்டி நண்பர், வாடகைக்கு எடுக்க வேண்டிய கருவிகளின் பட்டியலைத் தனிமடலில் அனுப்பினால் இந்த வாரமே விலை விசாரித்துவிடுவேன்.